கணவன் வேஷத்துக்கு ஆள் தேவை

எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பதற்கு மட்டும் ஆள் கிடையாது. வயிற்றுப் பிள்ளையோடு வருகிற பெண்ணிடம் ஒன்றுக்குப் போவதிலிருந்து கனவு காண்பது வரை எல்லாவற்றையும் கேட்போம். அதிலெல்லாம் எங்களுக்கு வெட்கமே இல்லை. ஆனால் மேலிடத்திலிருந்து புதிதாக ஒரு கேள்வி வந்தது: "வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா?" அதற்கு மட்டும் அத்தனை பேருக்கும் தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது.

டாக்டர் அதைக் கேட்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். குறுக்கே கிடக்கிற குழந்தையைக்கூட நைசாகத் திருப்பி எடுத்துவிடுகிற கை அவருக்கு. ஆனால் இந்தக் கேள்வி வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பிறகு சுவரைப் பார்த்து, "வீட்ல... அப்படியெல்லாம்... ஒண்ணும் இல்லையே?" என்பார். அதுவும் புருஷன்காரன் பக்கத்திலேயே நிற்கும்போது! அந்தப் பெண் என்னத்தைச் சொல்லும்? "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லும். டாக்டர் தனக்கே சுகப்பிரசவம் ஆனது போலப் பெருமூச்சு விடுவார். சின்ன நர்ஸ் பெண்கள் அவருக்கும் மேலே. ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற வேகத்தில் கேள்வியைச் சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள், "சரி, வெயிட் பாக்கலாம், செருப்பக் கழட்டுங்க" என்றுவிடுவார்கள்.

நான் இங்கே பெரிய நர்ஸ். டாக்டரைத் தவிர எல்லாருக்கும் நான் அக்கா. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். பொய்யில்லை.

எனக்கு அந்தக் கேள்வியை ஒருத்தியிடம் கேட்டே ஆகவேண்டியிருந்தது. அவள் எங்கள் நோயாளி இல்லை, எங்கள் லேப்காரி. ரத்தம் எடுக்கிற கையை வைத்தும், குத்துகிற வாயை வைத்தும் அவளுக்கு ஊசி என்று பேர் வைத்திருந்தோம். எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். வந்த நிமிஷத்திலிருந்து ஆஸ்பத்திரியே சிரிக்க ஆரம்பித்துவிடும். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள்.

"கைல என்னடி கன்னிப்போயிருக்கு?" என்று ஒருநாள் சட்டைக்கை விலகியபோது பிடித்துக்கொண்டேன்.

"கதவு இடிச்சிடுச்சுக்கா. எங்க வீட்டுக் கதவு ரொம்பக் கோவக்காரக் கதவு. உங்களுக்குச் சொந்தமோ என்னவோ."

"கழுத்துல?"

"அது ஜன்னல். ரெண்டும் கூட்டாளிங்க."

என்னை அறியாமல் சிரித்துவிடுவேன். சிரித்து முடித்துப் பார்த்தால் ஆள் லேபுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பாள். எத்தனை தடவை கேட்டாலும் இதே கதைதான். கையில் அகப்படாத மீன்.

அவள் புருஷன் தினம் சாயங்காலம் வாசலில் பைக்கோடு நிற்பான். மெல்லிய குரல், இஸ்திரி போட்ட சட்டை, மழைக்கு முன்னாலேயே குடை. எங்கள் சின்ன நர்ஸ்கள், "கட்டினா இப்படி ஒருத்தரக் கட்டணும்" என்று உருகுவார்கள். எனக்கு மட்டும் அவனைப் பார்த்தால் பல்வலி வந்த மாதிரி இருக்கும். ஆனால் பல்வலியை வைத்துக்கொண்டு ஒருத்தனைக் குற்றம் சொல்ல முடியுமா?

அன்றைக்கு ஊசிக்குக் கடைசி வேலை நாள், மறுநாளிலிருந்து பிரசவ விடுப்பு. வீட்டுக்குள் போய்விட்டால் அவளைத் தினம் பார்க்க ஒரு நாதி இருக்காது. வெளி உலகம் என்று அவளுக்கு மிச்சமிருந்ததே நாங்கள்தான். இன்றைக்குள் அவள் வாயால் உண்மை வரவேண்டும். இல்லாவிட்டால் அவளை அந்தக் கோவக்காரக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டு நாங்கள் கையைக் கழுவிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்கென்று மேலிடத்திலிருந்து ஒரு பயிற்சிக்காரம்மா வந்தார். கேள்வி கேட்கத் தெரியாத எங்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கத்தான். நாங்கள் கூட்ட அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம்.

"கர்ப்பமா இருக்கறப்போ வீட்ல அடி விழறதுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? சொல்லுங்க பாக்கலாம்" என்றார் அவர்.

"குடி!" என்று கத்தினார் ஆம்புலன்ஸ் டிரைவர். அவரை சைரன் என்று கூப்பிடுவோம். வண்டியில் சைரன் கெட்டுப்போனால்கூட அவர் தலையை வெளியே நீட்டிக் கூப்பாடு போட்டே வழி வாங்கிவிடுவார்.

"குடியும் ஒரு காரணம்தான்" என்றார் பயிற்சிக்காரம்மா. "குடிக்காதவங்களும் இருக்காங்க. வேலை போயிருக்கலாம். வேண்டாம்னு நினைச்ச நேரத்துல குழந்தை உண்டாயிருக்கலாம். குழந்தை தன்னோடதான்னு சந்தேகம் இருக்கலாம். அம்மா வீட்டோட பேச விடாம வச்சிருப்பாங்க. முன்னாடியே கை நீட்டின ஆளுன்னா, வயிறு தெரிய ஆரம்பிச்சதும் அதிகமாகலாம்."

"மேடம், இது அத்தனையும் ஒரே வீட்ல இருந்தா ஏதாவது பரிசு உண்டா?" என்று கேட்டாள் ஊசி.

அறை குலுங்கிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இவளை இன்றைக்கு விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு நாடகம் போட வேண்டும் என்றார் பயிற்சிக்காரம்மா. ஒருவர் கர்ப்பிணி, ஒருவர் கணவன், ஒருவர் நர்ஸ். கணவனை வெளியே அனுப்பிவிட்டு, பெண்ணைத் தனியாக வைத்து நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"நர்ஸ் நான். கர்ப்பிணி நம்ம ஊசி. வயிறு ஏற்கெனவே இருக்கு, செலவு மிச்சம்" என்றேன்.

"சேச்சே, மாசமா இருக்கறவங்களுக்கு இந்தப் பாத்திரம் வேண்டாம். மனசு கஷ்டப்படும்" என்று பயிற்சிக்காரம்மா என் திட்டத்தில் மண்ணைப் போட்டார். "இந்தக் கேள்விக்கு ரொம்பக் கூச்சப்படறது யாரு?"

எல்லாருடைய விரலும் டாக்டர் பக்கம் திரும்பியது.

அப்படித்தான் எங்கள் டாக்டர் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, மேலே நோயாளிகளுக்குத் தருகிற பூப்போட்ட கவுனை மாட்டிக்கொண்டு, நடுநாற்காலியில் உட்கார்ந்தார். நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று பயிற்சிக்காரம்மா சொன்னதால், ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை அவர் கையில் சுற்றினேன். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்த சின்ன நர்ஸ் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் ஓடியே போய்விட்டாள்.

கணவன் வேஷத்துக்கு சைரன் கேட்காமலே எழுந்தார். கண் மையால் காதுவரை மீசை வரைந்துகொண்டார். காலி குளுக்கோஸ் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்து, "அடியேய்ய்ய்!" என்று ஒரு கர்ஜனை விட்டார். பக்கத்து வார்டில் தூங்கிக்கொண்டிருந்த பச்சைக் குழந்தைகள் அத்தனையும் ஒன்றாக அலறின.

"அண்ணா, போதும், உக்காருங்க" என்றாள் ஊசி. "இவரப் பாத்தா எவளாவது கட்டிக்குவாளா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெருவே ஓடிப்போயிருக்கும்."

சைரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப வேற எப்படி இருப்பானாம்? நீயே நடிச்சுக் காட்டு தங்கச்சி!"

"குடுங்க இங்க."

"கர்ப்பிணிப் பாத்திரம்தானே வேண்டாம்னேன், கணவன்னா பரவாயில்ல" என்றார் பயிற்சிக்காரம்மா. அப்புறம் நான் என்ன சொல்ல? ஊசி கண் மையை வாங்கி மெல்லிசாக ஒரு மீசை போட்டுக்கொண்டாள். பாட்டிலைத் தூக்கி ஓரமாக வைத்தாள். சட்டையை இழுத்துவிட்டு, கதவைத் தட்டி, அனுமதி கேட்டு உள்ளே வந்தாள்.

"சிஸ்டர், வணக்கம். என் மனைவிய செக்கப்புக்குக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். குரல் தேன் மாதிரி இருந்தது. டாக்டரின் முதுகுக்குப் பின்னால் கவுனைச் சரிசெய்தாள். அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டாள். "சாப்டியாம்மா?" என்றாள்.

"சாப்... சாப்டேன்" என்றார் டாக்டர், தலையணையைப் பிடித்துக்கொண்டு. சைரன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

நான் ஆரம்பித்தேன். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"பரவாயில்ல சிஸ்டர், நான் நிக்கறேன்."

"மருந்துக் கடைக்குப் போய் இரும்புச் சத்து மாத்திரை வாங்கிட்டு வாங்க."

"வர்ற வழியிலேயே வாங்கிட்டேன்."

"உங்க வண்டி ஆம்புலன்ஸுக்குக் குறுக்கால நிக்குது, எடுத்து ஓரமா விடுங்க."

"நடந்துதான் வந்தோம். நடக்கறது நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எடை பாக்கணும். பொம்பளைங்க மட்டும்தான் இருக்கலாம்."

"அவ எடைய தினமும் நான்தான் பாக்கறேன், சிஸ்டர். அவளுக்குத் தனியா இருந்தா பயம்."

எனக்கு வேர்த்துவிட்டது. எத்தனை வருஷ அனுபவம் எனக்கு! எத்தனை புருஷன்மார்களைப் பூனைக்குட்டி மாதிரி வெளியே தூக்கிப் போட்டிருக்கிறேன்! இவளை ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊசி டாக்டர் பக்கம் குனிந்தாள். "காலைல போன்ல யார்கிட்ட பேசிட்டிருந்த?"

டாக்டர் பாவம், வசனம் தெரியாமல் நிஜத்தைச் சொல்லிவிட்டார். "மாமியார்கிட்ட."

சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

"எவ்ளோ நேரம் பேசின?"

"தெரியலையே..."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஊசி. சத்தம் போடவில்லை, இன்னும் தணித்துத்தான் சொன்னாள். "வீட்டோட பேசினா உனக்கு அழுகை வருது. அழுதா குழந்தைக்கு ஆகாது. இனிமே பேச வேண்டாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். குழந்தை பொறக்கட்டும். யார் ஜாடைல பொறக்குதுன்னு பாத்துட்டு, மத்தத முடிவு பண்ணிக்கலாம்."

சொல்லிக்கொண்டே டாக்டரின் மணிக்கட்டை அன்பாகப் பிடித்தாள். டாக்டரின் இன்னொரு கை தானாகத் தலையணையை மறைத்துக்கொண்டது. அவர் நடிக்கவில்லை. அந்த மனிதருக்குச் சுட்டுப்போட்டாலும் நடிப்பு வராது. பட்டையில் காற்றை ஏற்றி மீட்டரைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் நிஜமாகவே எகிறியிருந்தது. சிரிப்புகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாடகம் மறந்துபோயிற்று. எழுந்து நின்று, அந்தக் கண் மை மீசையைப் பார்த்துக் கேட்டேன்: "ஏன்யா, உம் பொண்டாட்டிக்கு வீட்ல யார் மேல பயம்?"

"என் மேலதான் சிஸ்டர்" என்றாள் ஊசி அதே குரலில். "ரொம்ப பயம். ஆனா யாருக்கும் தெரியாது. வேலை பண்ற எடத்துல எல்லாரையும் சிரிக்க வச்சுக்கிட்டே இருப்பா. சிரிச்சுக்கிட்டு இருக்கறவங்க கேள்வி கேக்க மாட்டாங்கல்ல?"

எல்லாரும் டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் பிறந்ததிலிருந்து வேண்டுமென்று ஒருத்தரையும் சிரிக்க வைத்தவர் இல்லை. அப்படியானால் இந்தப் பேச்சு எந்தப் பெண்டாட்டியைப் பற்றியது? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக நாங்கள் திகைத்து உட்கார்ந்திருக்க, எங்களில் யாரையும் தெரியாத பயிற்சிக்காரம்மா மட்டும் படபடவென்று கை தட்டினார். "அபாரம்! இதுதான் நடிப்பு!" என்றார்.

வாசலில் பைக் ஹார்ன் கேட்டது. மெல்லிசாக, மரியாதையாக.

ஊசி புறங்கையால் மீசையைத் தேய்த்துக்கொண்டு பையைத் தேடினாள். நான் அவள் தோளைப் பிடித்து லேபுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே வேறு யாரும் இல்லை. அவள் தப்பித்து ஓட இன்னொரு லேப் கிடையாது.

"உன்னை அவன் அடிக்கிறானா?" என்று கேட்டேன்.

"அக்கா, அந்தக் கதவு இருக்கே..." என்று ஆரம்பித்தாள். நான் சிரிக்காமல் நின்றேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். அவள் கன்னத்தில் மை ஈஷியிருந்தது.

"அடிக்கிறான்" என்றாள். "முன்னாடி கன்னத்துல அடிப்பான். வயிறு தெரிய ஆரம்பிச்சதும் அங்கயே அடிக்கிறான். மாசம் ஏற ஏற அதிகமாகுதுக்கா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாசலுக்குப் போய் அந்தப் பைக்கை அவன் தலையிலேயே போட வேண்டும்போல இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "இன்னைக்கு அவன்கூடப் போறியா?" என்று கேட்டேன்.

"போகல" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளியே வந்து சொன்னேன். கை தட்டிய பயிற்சிக்காரம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் தொழில் தெரிந்தவர், உடனே சுதாரித்தார். "அவங்க வீட்டுக்காரர்கிட்ட இதப்பத்தி மூச்சு விடக்கூடாது. நமக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா அவங்களுக்குத்தான் ஆபத்து. இங்க படுக்க வைக்கிறோம்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

யார் சொல்வது? நான் போனால் கொலை விழும். சைரன் போனால் ஊருக்கே கேட்கும். டாக்டர் எழுந்தார். "நான் சொல்றேன்" என்றார். போனவர் கவுனையும் கழற்றவில்லை, தலையணையையும் அவிழ்க்கவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. வாசல்படி தாண்டிய பிறகுதான் சைரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த மகராசன் எங்கள் டாக்டரை மேலிருந்து கீழே பார்த்தான். பூப்போட்ட கவுன். நிறைமாத வயிறு.

"வந்து..." என்றார் டாக்டர். "பிரஷர் ரொம்ப ஏறிப்போச்சு. அதனால உங்க மனைவி இங்கேயே தங்கட்டும்." அவருக்குப் பொய் வராது. யாருடைய பிரஷர் என்று மட்டும் சொல்லவில்லை.

"பரவாயில்ல டாக்டர், நானும் நிக்கறேன்" என்றான் அவன்.

ஜன்னலுக்குப் பின்னால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பொம்பளைங்க வார்டு, ஆம்பளைங்க நிக்க முடியாது."

"அவளுக்குத் தனியா இருந்தா பயம், டாக்டர்."

"வரிக்கு வரி அதே டயலாக்குக்கா!" என்று சைரன் என் காதில் கிசுகிசுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் குரல் எழும்பவில்லை. எங்கள் சின்ன நர்ஸ் ஒருத்தி, குடைக்கு உருகியவள், வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சற்று முன் நாங்கள் தொடை தட்டிச் சிரித்த அதே வரிகள், அதே குரலில் வந்துகொண்டிருந்தன.

டாக்டர் தலையணை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நகரவில்லை. "துணைக்குப் பெரிய நர்ஸ் இருக்காங்க. நீங்க போகலாம்" என்றார். சுவரைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். என்ன சொன்னாலும் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பூப்போட்ட கவுனில் ஒரு மனிதர் இவ்வளவு கம்பீரமாக நிற்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. கடைசியில் பைக் சத்தம் தெருமுனை தாண்டிப் போயிற்று.

டாக்டர் உள்ளே வந்து பொத்தென்று உட்கார்ந்தார். ஊசி லேப் வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னான் டாக்டர்?"

"கோவப்படவே இல்லம்மா" என்றார் டாக்டர். அவருக்கு அது ஆறுதலான சேதியாகத் தோன்றியிருக்க வேண்டும். "நல்ல விதமாத்தான் போனான். நீ வீட்டுக்கு வந்ததும் பேசிக்கலாம்னு சொல்லச் சொன்னான்."

ஊசியின் முகம் வெளுத்துப்போயிற்று. சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"அந்த ஒரு வரிய மட்டும் நான் நடிக்கல" என்றாள். "எனக்கு வாய் வரல."

டாக்டர் எழுந்து நின்றார். "அப்ப நீ அந்த வீட்டுக்குப் போகாதம்மா" என்றார். மென்று விழுங்காமல் முழுதாகச் சொன்னார். "எங்க போகணும்னு சொல்லு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"வண்டி இருக்கு. எந்த ஊரா இருந்தாலும் சரி" என்றார் சைரன்.

"அம்மாகிட்ட" என்றாள் ஊசி. அவள் போனில் அம்மாவின் எண் இல்லை. அவன் அழித்து மாதக்கணக்காகிறதாம். ஆனால் எண் அவளுக்கு மனப்பாடம். அவள் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்ல, நான் என் போனில் அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, அவள் கையில் கொடுத்தேன்.

"யாரு?" என்றது ஒரு குரல்.

இவளுக்குச் சிரிப்புக் காட்ட ஒன்றும் அகப்படவில்லை. பிறகு, "அம்மா, நான்தான்" என்றாள். "வந்து என்னைக் கூட்டிட்டுப் போம்மா."

ஏன் என்றோ, எதற்கு என்றோ, இத்தனை நாள் எங்கே போனாய் என்றோ அந்த அம்மா கேட்கவில்லை. "எந்த இடம்? சொல்லு" என்று மட்டும் கேட்டார். நாங்கள் விலாசம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போனை வைக்காமல், அவர் செருப்பைத் தேடுகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.